பச்சிளம் குழந்தைகளுக்காகப் போராடிய டொக்டர் ஹெட்டி அலெக்ஸாண்டர்

பிறந்து சில நாட்களேயான குழந்தையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாது. பசித்தாலும் அழும், வயிறு பொருமினாலும் அழும், எறும்பு கடித்தாலும் அழும். மூளையைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வுகளில் பக்டீரியா புகுந்துவிட்டாலும் அழும். சில வேளை அழவும் மாட்டாது. பால் குடிக்காமல், கண் திறக்காமல் சோர்ந்து கிடக்கும். இந்த நோய்க்கு மூளை மென்சவ்வு அழற்சி என்று பெயர். மருத்துவர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். எங்கள் ஊர்களில் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே சொல்லுக்குள் இதையும் சேர்த்துவிடுவார்கள்.

நூறு வருடங்களுக்கு முன்னர் இந்த நோய் வந்த பச்சிளம் குழந்தையைப் பிழைக்க வைத்துத் தாயின் கையில் திருப்பிக் கொடுக்க உலகின் பெரிய வைத்தியசாலைகளாலும் பெரும்பாலும் முடியவில்லை. அந்த நிலையை மாற்றியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் ஓர் அமெரிக்கப் பெண் மருத்துவர். அவர் பெயர் ஹெட்டி எலிசபெத் அலெக்ஸாண்டர். குழந்தை மருத்துவமும் நுண்ணுயிரியலும் படித்தவர்கள் அவரை நன்கு அறிவார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நாங்களோ பாஸ்டரையும் பிளெமிங்கையும் மட்டும் அறிவோம். அதனால்தான் இம்முறை எங்கள் சஞ்சிகைக்கு இவருடைய வாழ்க்கையை எழுதலாம் என்று நினைத்தேன்.

பல்டிமோர் நகரத்துப் பிள்ளை

ஹெட்டி 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பல்டிமோர் நகரில் பிறந்தார். தகப்பனார் வில்லியம் பெய்ன் அலெக்ஸாண்டர் ஒரு வியாபாரி. தாயார் எல்சி மே. எட்டுப் பிள்ளைகளில் ஹெட்டி இரண்டாமவர். அந்த நகரிலேயே பெண்களுக்கான பாடசாலை ஒன்றில் படித்துவிட்டு, பகுதிப் புலமைப்பரிசில் ஒன்றுடன் கௌச்சர் கல்லூரியில் சேர்ந்தார். அதுவும் எங்கள் கல்லூரியைப் போலப் பெண்கள் மட்டும் படித்த இடம்தான்.

இங்கே நான் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹெட்டி அந்தக் கல்லூரியில் முதலிடம் பெற்ற மாணவி அல்லர். விளையாட்டு மைதானத்தில்தான் அவருக்கு உற்சாகம் அதிகம். பக்டீரியவியலும் உடற்றொழிலியலும் பிடித்த பாடங்களாக இருந்தாலும், மொத்தத்தில் அவருடைய புள்ளிகள் சாதாரணமாகவே இருந்தன. 1923இல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்க ஆசை இருந்தது. கையில் பணம் இருக்கவில்லை.

எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பெண் பிள்ளையின் மருத்துவப் படிப்புக்குச் செலவழிப்பது இலேசான காரியம் அன்று. ஹெட்டி வேலைக்குப் போனார். அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையிலும், பிறகு மேரிலாந்து மாநிலத்தின் பொதுச் சுகாதார சேவையிலுமாக மூன்று வருடங்கள் பக்டீரியவியலாளராக வேலை செய்து காசு சேர்த்தார். வளர்ப்பு ஊடகம் தயாரிப்பது, நுண்ணுயிர்களுக்குச் சாயம் ஏற்றுவது, நாள் முழுவதும் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருப்பது எனப் போன மூன்று வருடங்கள் அவை. படிப்பு தள்ளிப்போகிறதே என்று யாரும் அவரைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கலாம். ஆனால் பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அந்த மூன்று வருடங்கள்தான் அத்திவாரமாக இருந்தன.

1926இல் பல்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவபீடத்தில் அனுமதி கிடைத்தது. அந்தப் பீடத்துக்கும் ஒரு கதை உண்டு. 1893இல் அதைத் திறப்பதற்குப் பணம் போதாமல் இருந்தபோது, மேரி கரெட் என்ற செல்வந்தப் பெண்ணும் அவருடைய தோழியரும் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். ஆண்களைப் போலவே பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. முப்பத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு ஹெட்டி நுழைந்தது அந்த வாசலால்தான். கல்லூரியில் சாதாரண மாணவியாக இருந்தவர் மருத்துவபீடத்தில் சிறப்பாகப் படித்தார். 1930இல் மருத்துவரானார்.

கையைக் கட்டி நின்ற வைத்தியசாலை

பயிற்சி மருத்துவராக அவர் முதலில் வேலை செய்தது ஹொப்கின்ஸைச் சேர்ந்த ஹரியட் லேன் குழந்தைகள் வைத்தியசாலையில். தன் இரண்டு மகன்களையும் சிறு வயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தாய் விட்டுச் சென்ற பணத்தில் உருவான வைத்தியசாலை அது. அங்கேதான் ஹெட்டி அந்த நோயை நேருக்கு நேர் கண்டார்.

அந்த நோயை உண்டாக்கிய பக்டீரியாவின் பெயர் ஹீமோபிலஸ் இன்ஃப்ளுவென்சா. பெயரைக் கேட்டால் சளிக்காய்ச்சல் கிருமி என்று தோன்றும். 1892இல் ரிச்சர்ட் பைஃபர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, இன்ஃப்ளுவென்சாக் காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று தவறாக நினைத்தார். உண்மையான காரணி ஒரு வைரசு என்பது பிறகு தெரியவந்தது. பிழையான பெயர் மட்டும் பக்டீரியாவோடு ஒட்டிக்கொண்டது. 1931இல் மார்கரட் பிட்மன் என்ற பெண் விஞ்ஞானி, இந்தப் பக்டீரியாவில் உறையுள்ளவை, உறையற்றவை என்று இரு வகை உண்டென்றும், உறையுள்ளவற்றில் ஆறு இனங்கள் உண்டென்றும் காட்டினார். குழந்தைகளின் மூளை மென்சவ்வைத் தாக்குவது பெரும்பாலும் பீ இனம். அதைத்தான் இன்று சுருக்கமாக ஹிப் என்கிறார்கள்.

இது ஏன் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கிறது என்பதற்கு 1933இல் பொஸ்டன் நகரில் ஃபொதர்கில், ரைட் என்ற இருவர் விடை கண்டார்கள். புதிதாகப் பிறந்த குழந்தையின் இரத்தம் இந்தக் கிருமியைக் கொல்கிறது. வளர்ந்தவர்களின் இரத்தமும் கொல்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் இரத்தத்துக்கு மட்டும் அந்தச் சக்தி இல்லை. காரணம் என்ன? கருவில் இருக்கும்போது சூல்வித்தகம் வழியாகத் தாயின் பிறபொருளெதிரிகள் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன. பிறந்து சில வாரங்களுக்கு அந்த உம்மாவின் சீதனம் காப்பாற்றும். அது கரைந்து முடிவதற்கும் பிள்ளை தானே பிறபொருளெதிரி உண்டாக்கக் கற்றுக்கொள்வதற்கும் இடையில் ஒரு வெறுமையான காலம் வருகிறது. கிருமி நுழைவது அந்த வாசலால்தான்.

அக்காலத்தில் இந்த வயதுக் குழந்தைக்கு ஹிப் மெனிஞ்சைட்டிஸ் வந்தால் மரணம் ஏறக்குறைய நிச்சயம். முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி ஏற்றி மூளைய முண்ணாண் பாய்பொருளைச் சில துளிகள் எடுப்பார்கள். சுகமான பிள்ளைக்கு அது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். நோயுள்ள பிள்ளைக்குக் கலங்கி, சீழ் கலந்து வரும். அந்தக் கலங்கலைப் பார்த்ததும் நோய் என்னவென்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கொடுப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. பெற்றோரிடம் போய் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இளம் பயிற்சி மருத்துவராக ஹெட்டி நின்றார். முப்பது வயதில் அவர் கண்ட அந்தக் காட்சிகள்தான் மீதி வாழ்க்கைக்கு வேலை கொடுத்தன என்று நான் நினைக்கிறேன்.

முயல் கொடுத்த மருந்து

1931இல் அவர் நியூயோர்க்குக்குப் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த பேபீஸ் ஹொஸ்பிட்டல் என்ற குழந்தைகள் வைத்தியசாலையில் பயிற்சியைத் தொடர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியராகவும் மருத்துவராகவும் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தின் பொறுப்பாளராகவும் தம் பணிக்காலம் முழுவதும் இருந்துவிட்டார்.

நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வராத காலம் அது. கிருமியை ஒரு மிருகத்துக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் பிறபொருளெதிரி உண்டான பிறகு, அந்த இரத்தத்தின் சீரத்தைப் பிரித்து நோயாளிக்கு ஏற்றுவது ஒரு வைத்திய முறை. தொண்டைக்கரப்பான் போன்ற நோய்களில் அது நன்றாக வேலை செய்தது. ஹிப் மெனிஞ்சைட்டிஸுக்கும் குதிரையின் சீரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், பிள்ளைகள் பிழைக்கவில்லை.

அதே நகரத்திலிருந்த ரொக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வேறு சிலர் நியுமோனியாவுக்குக் குதிரைக்குப் பதிலாக முயலைப் பயன்படுத்திச் சீரம் தயாரித்திருந்தார்கள். குதிரையின் பிறபொருளெதிரி மூலக்கூறு பெரியது. முயலுடையது சிறியது; இழையங்களுக்குள் இலகுவாகப் போகக்கூடியது. இதை ஹெட்டி கவனித்தார். நியுமோனியாவுக்குச் சரிவந்தது இந்த நோய்க்கு ஏன் சரிவரக்கூடாது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. கொலம்பியாவில் இருந்த இரசாயன அறிஞர் மைக்கேல் ஹைடல்பெர்கரின் உதவியும் கிடைத்தது. ஹிப் பக்டீரியாக்களை முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் பிறபொருளெதிரி நிறைய உண்டாகும்வரை காத்திருந்து, சீரத்தைப் பிரித்தெடுத்தார்.

1939இல், சாவின் விளிம்பில் இருந்த குழந்தைகள் இந்த முயல் சீரத்தால் முழுமையாகக் குணமடைந்ததை அவர் மருத்துவ உலகத்துக்கு அறிவித்தார். சீரத்தோடு அப்போது புதிதாக வந்திருந்த சல்பா மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் இன்னும் கூடியது. இரண்டு வருடங்களுக்குள் இந்த நோயால் குழந்தைகள் இறப்பது நூற்றுக்கு 80 வீதத்தால் குறைந்துபோனது. 1942இல் குழந்தை மருத்துவத்துக்கான மீட் ஜோன்சன் விருது அவருக்குக் கிடைத்தது.

மருந்தைக் கண்டுபிடித்ததோடு அவர் ஓய்ந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எந்த மருந்தும் நேரத்துக்குக் கொடுத்தால்தான் பயன். கிருமியை ஊடகத்தில் வளர்த்து அடையாளம் காண நாள் கணக்காகும். அதுவரை குழந்தை தாங்காது. எனவே முதுகிலிருந்து எடுத்த பாய்பொருளின் ஒரு துளியோடு முயல் சீரத்தின் ஒரு துளியைக் கலந்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறையைப் பயன்படுத்தினார். ஹிப் இருந்தால் அதன் உறை வீங்கியது போலத் தெளிவாகத் தெரியும். காத்திராமல் அப்போதே விடை கிடைத்தது. அடுத்து, எவ்வளவு மருந்து கொடுப்பது? பாய்பொருளில் உள்ள சீனியின் அளவைப் பார்த்தார். தொற்று கடுமையாக இருந்தால் சீனி குறைந்துபோகும். சீனி எவ்வளவுக்குக் குறைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதிகமாகச் சீரம் கொடுத்தார். சம்பளத்துக்காக ஆய்வுகூடத்தில் கழித்த அந்த மூன்று வருடங்கள் இங்கே கைகொடுத்தன. கட்டிலருகே நிற்கும் டொக்டரும் ஆய்வுகூடத்தில் இருக்கும் விஞ்ஞானியும் அவரிடம் ஒரே ஆளாக இருந்தார்கள்.

மருந்தை வென்ற கிருமி

1940களின் நடுப்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய நுண்ணுயிர்கொல்லி வந்தது. ஹெட்டி அதையும் மெனிஞ்சைட்டிஸ் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பல குழந்தைகள் வியக்கத்தக்க விதமாகக் குணமடைந்தனர். சிலருக்கு முதலில் குறைந்த நோய் மறுபடி தலைதூக்கியது. அவர்களுடைய உடலிலிருந்து எடுத்த பக்டீரியாக்களை அவர் ஆராய்ந்தபோது, எவ்வளவு ஸ்ட்ரெப்டோமைசின் இட்டாலும் அவை சாகவில்லை.

கோடிக்கணக்கான பக்டீரியாக்களில் மிகச் சில, தற்செயலான விகாரத்தால் மருந்தைத் தாங்கும் தன்மையைப் பெற்றிருக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்று அந்தச் சிலவற்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. இதை மிக ஆரம்பத்திலேயே விளங்கிக்கொண்டவர்களுள் ஹெட்டியும் ஒருவர். இன்று உலக சுகாதார நிறுவனம் முதல் எங்கள் ஊர் மருந்துக்கடை வரை பேசப்படும் நுண்ணுயிர்கொல்லி எதிர்ப்பு என்ற பெரிய பிரச்சினையை, மருந்து வந்த சில வருடங்களுக்குள்ளேயே அவர் குழந்தைகள் வார்ட்டில் கண்டுவிட்டார். தடிமனுக்கும் மருந்துக்கடையில் நுண்ணுயிர்கொல்லி வாங்கி, இரண்டு நாளில் நிறுத்திவிடும் பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டல்லவா? அது யாருக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது என்பதை இந்த இடத்தில் யோசிக்கலாம்.

இந்த விகாரம் எங்கே எழுதப்படுகிறது என்ற கேள்வி அவரை அடுத்த ஆராய்ச்சிக்குக் கொண்டு சென்றது. 1944இல் ஏவரியும் அவருடைய தோழர்களும் நியுமோனியாப் பக்டீரியாவில் பரம்பரை இயல்பைக் கடத்துவது டீ.என்.ஏ. என்று காட்டியிருந்தார்கள். அப்போது அதை நம்பத் தயங்கியவர்கள் பலர். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹெட்டியும், அவருடன் நீண்ட காலம் வேலை செய்த கிரேஸ் லெய்டி என்ற பெண்மணியும், ஹிப் பக்டீரியாவிலிருந்து பிரித்த டீ.என்.ஏ.யை வேறு பக்டீரியாவுக்குக் கொடுத்து அதன் பரம்பரை இயல்பை மாற்றிக் காட்டினார்கள். ஏவரி கண்டது ஒரே ஒரு கிருமிக்கு உரிய விநோதம் அல்ல என்பது அதனால் உறுதியானது. குழந்தைகளைக் காப்பாற்றப் புறப்பட்ட ஒருவர், போகிற வழியில் மரபியலுக்கும் ஒரு கல் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தாமதமாக வந்த பதவிகள்

இவ்வளவும் செய்தவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1958இல். முயல் சீரத்தின் வெற்றியை அறிவித்து 19 வருடங்களுக்குப் பிறகு. 1964இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் தலைவராகத் தெரிவானார். 1888இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு 76 வருடங்களில் வந்த முதல் பெண் தலைவர் அவரே. இந்த ஆண்டுகளை வாசிக்கும்போது எனக்குச் சந்தோசமும் ஆதங்கமும் சேர்ந்தே வருகின்றன.

வேலை தவிர வேறொன்றும் தெரியாதவர் என்று அவரை நினைத்துவிட வேண்டாம். கடலோரமான போர்ட் வொஷிங்டனில் அவருக்கு வீடு இருந்தது. வேகப் படகு ஓட்டுவதில் அவருக்கு அவ்வளவு விருப்பம். அரிய வகைப் பூச்செடிகளை வளர்த்தார். இசை கேட்டார், பயணம் போனார். 1966இல் ஓய்வு பெற்றார். இரண்டு வருடங்கள் கழித்து 1968 ஜூன் 24ஆம் திகதி நியூயோர்க்கில் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு 67 வயது. ஏறத்தாழ 150 ஆய்வுக் கட்டுரைகளை அவர் விட்டுச் சென்றார்.

அவருக்குப் பின்னர்

ஹிப் நோய்க்கு மருந்து இருந்தாலும், பிழைத்த குழந்தைகள் பலருக்குக் காது கேளாமை, வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு போன்றவை மிஞ்சின. நோயே வராமல் தடுக்க வேண்டும். கிருமியின் உறையில் உள்ள சர்க்கரைப் பொருளைக் கொண்டு 1985இல் அமெரிக்காவில் வந்த முதல் தடுப்பூசி, 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளிடம் சரியாக வேலை செய்யவில்லை. ஆபத்து அதிகம் உள்ள வயதும் அதுதான். பிறகு அந்தச் சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்துப் புதிய தடுப்பூசி செய்தார்கள். 1990இல் அது இரண்டு மாதக் குழந்தைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. இதற்காகப் பாடுபட்ட நால்வருக்கு 1996இல் லாஸ்கர் விருது கிடைத்தது. அவர்களில் ஒருவர் ரேச்சல் ஷ்னீர்சன் என்ற பெண் மருத்துவர். அமெரிக்காவில் குழந்தைகளிடையே இந்த நோய் நூற்றுக்கு 99க்கும் மேல் குறைந்துவிட்டது.

இலங்கையில் 2008இல் இந்தத் தடுப்பூசி அறிமுகமானது. கிளினிக்கில் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் தொடையில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசியின் ஐந்தில் ஒன்று ஹிப்புக்கானது. ஊசி போட்ட அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இரவெல்லாம் சிணுங்கும், உம்மாமாருக்கு நித்திரை இல்லை. அந்த ஓர் இரவுக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. முதல் மாதத்துக் குழந்தைக்கு வரும் மெனிஞ்சைட்டிஸுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு கிருமிகள். பீ வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ், ஈ.கோலை, லிஸ்டீரியா என்பன அவற்றுள் சில. பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் அவை பிள்ளைக்குப் போகலாம். அவற்றுக்கு எதிராகப் பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இது நடந்தது. என் சாச்சியின் இளைய மகளுக்கு அப்போது 19 நாள். ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குரிய வயதே ஆகவில்லை. ஒரு நாள் பின்னேரம் பால் குடிப்பதை விட்டாள். காய்ச்சல் இருக்கவில்லை, உடம்பு குளிர்ந்துதான் இருந்தது. தூக்கினால் வீரிட்டாள், படுக்க வைத்தால் சோர்ந்து போனாள். கண்ணூறு பட்டிருக்கும் என்று வீட்டிலிருந்த பெரியவர்கள் ஓதித் தண்ணீர் தடவினார்கள். அவர்கள் பிள்ளை மேலுள்ள அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். மறுநாள் சுபஹுக்குப் பிறகு அவளுக்கு வலிப்பு வந்தது. அதன்பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். மூன்று வாரங்கள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினாள். இரண்டு காதுகளின் கேள்வியும் போய்விட்டது.

இன்று அவளுக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி. அவளோடு பேசுவதற்காக நான் சைகை மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரமாகக் கொண்டு போயிருந்தால் கேள்வி தப்பியிருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோயில் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது என்பதை டொக்டர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஓதுவதை நாங்கள் விட வேண்டியதில்லை. ஓதிக்கொண்டே முச்சக்கர வண்டியில் ஏறலாம். வைத்தியம் தேடுவதையும் எங்கள் மார்க்கம்தானே கற்றுத் தந்தது.

ஆகவே இதை வாசிக்கும் தாய்மாரும் தந்தைமாரும், வீட்டில் தம்பி தங்கை உள்ள என் தோழியரும் சில அடையாளங்களை மனதில் வைத்திருக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு மெனிஞ்சைட்டிஸ் வந்தால் கழுத்து விறைக்கும், தலை வலிக்கும். சின்னக் குழந்தையிடம் அவற்றை எதிர்பார்க்க முடியாது. பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, வழக்கத்துக்கு மாறான கீச்சிட்ட அழுகை, தூக்கி அணைத்தால் அழுகை கூடுதல், காய்ச்சல் அல்லது உடம்பு குளிர்ந்து போதல், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தல், உச்சிக்குழி பொங்கி நிற்றல், மூச்சு விட்டு விட்டு வருதல், வலிப்பு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அங்கே டொக்டர் முதுகில் ஊசி ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பயந்து மறுக்கவும் கூடாது. பிள்ளை முடமாகிவிடும் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறார்கள். அந்தச் சில துளிகள்தான் எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்று டொக்டருக்குச் சொல்லும்.

என் வகுப்புத் தோழியருக்கும் ஒரு சொல். உயர்தரப் பெறுபேறு வந்ததும் மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளைகள் எல்லாம் முடிந்துவிட்டது போல அறைக்குள் கதவைப் பூட்டிக்கொள்வதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். ஹெட்டி அலெக்ஸாண்டர் கல்லூரியில் சாதாரணப் புள்ளிகள் எடுத்தவர். படிப்பை மூன்று வருடம் தள்ளிவைத்து ஆய்வுகூடத்தில் சம்பளத்துக்கு உழைத்தவர். கடைசிவரை ஆய்வுகூடத்தை விட்டு விலகாதவர். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. டொக்டருக்குப் படிக்க முடியாதவர்களுக்கு உரிய படிப்பு என்று சிலர் அதைக் குறைத்துப் பேசுகிறார்கள். கலங்கிய ஒரு துளிப் பாய்பொருளை நடுச்சாமத்தில் நுணுக்குக்காட்டியில் வைத்து, இன்ன கிருமி என்று வார்ட்டுக்குத் தொலைபேசியில் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அதற்காக வார்ட்டில் ஒரு பிள்ளையும் அதன் உம்மாவும் காத்திருப்பார்கள். அந்த ஆளாக நான் இருக்க விரும்புகிறேன்.